வளர்ப்பு நாயின் அன்றாட உடற்பயிற்சி: நெய்வேலி நகரியக் குடும்பங்களுக்கான விளக்கம்

வளர்ப்பு நாய்க்கு உணவு, தடுப்பூசி ஆகியவற்றைப் போலவே நாள்தோறும் உடலசைவும் தேவை. போதிய நடையும் ஓட்டமும் இல்லாத நாய் எடை கூடும், மூட்டுகள் தேயும், ஓயாமல் குரைப்பது, பொருள்களைக் கடித்துக் கிழிப்பது, வாயிற்கதவு திறந்தவுடன் தெருவுக்குப் பாய்வது போன்ற பழக்கங்கள் தோன்றும்.

நாயைப் பற்றிய இச்செய்தி மனிதர்களுக்கான மருத்துவப் பக்கத்தில் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின் திட்டமிட்டு அமைக்கப்பட்ட இந்நகரியத்தில், பல குடும்பங்களின் நாள் ஷிப்ட் முறையைச் சார்ந்தே நகர்கிறது. சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ பணிபுரிபவர் ஒரு வாரம் காலையில் வீட்டில் இருப்பார். அடுத்த வாரம் இருக்கமாட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளியும் தனிவகுப்பும் இருக்கும். இறுதியில் நாயை அழைத்துச் செல்லும் பொறுப்பு வீட்டிலுள்ள முதியவரையோ, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவரையோ வந்தடைகிறது. எனவே வாரின் ஒரு முனையில் உள்ள நாய்க்கு எது நல்லது என்பதோடு, மறுமுனையைப் பிடித்திருப்பவருக்கு எது பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. நாய்க்கான மருத்துவத்தைக் கால்நடை மருத்துவரே கூற வேண்டும். இங்கு கூறப்படுபவை பொதுவான வழிமுறைகள்.

தோட்டத்தில் விட்டால் போதுமா?

"எங்கள் குவார்ட்டர்ஸில் தோட்டம் இருக்கிறது, நாய் அங்கேயே ஓடிக்கொள்ளும்" என்பது இங்கு அடிக்கடி கேட்கும் விடை. பெரும்பாலான நாய்கள் அவ்வாறு ஓடிக்கொள்வதில்லை. மாமர நிழலில் படுத்திருக்கும். யாரேனும் சாலையில் சென்றால் எழுந்து வேலியோரம் குரைத்துவிட்டு மீண்டும் படுக்கும். சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு அதுவும் இல்லை. பழகிய இடத்தில் முகர்வதற்குப் புதியது எதுவும் இல்லாததால் நாய் தானாக முனைந்து நடப்பது குறைவு. வெளியில் நடக்கும்போது வழியெங்கும் நின்று முகர்வதை நேரவிரயம் என்று எண்ணி இழுத்துச் செல்லக் கூடாது. நாய்க்கு அது நடையின் முக்கியப் பகுதி. மூளைக்கும் அதுவே பயிற்சி.

பணி ஓய்வுக்குப் பின் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்து வடலூர், மந்தாரக்குப்பம் போன்ற இடங்களில் சிறிய வீட்டுக்கோ மாடி வீட்டுக்கோ குடிபெயரும் குடும்பங்கள் இதனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இருந்த சிறிது நடமாட்டமும் நின்றுவிடும். உணவின் அளவு மட்டும் மாறாது. ஓய்வு பெற்றவருக்கும் இதே நிலை நேர்வதை மருத்துவமனையில் காண்கிறோம். இடம் மாறிய முதல் வாரத்திலேயே புதிய தெருவில் இருவேளை நடையைத் தொடங்கிவிடுவது இருவருக்கும் நன்மை தரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. நாயுடன் நாள்தோறும் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடப்பவர் அதன் கீழ்வரம்பை எளிதில் கடந்துவிடுவார். ஆனால் நாய் நின்று முகரும் நேரத்தை இக்கணக்கில் சேர்க்க இயலாது.

எவ்வளவு நேரம்?

நலமாக உள்ள, வளர்ந்த, நடுத்தர அளவுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 நிமிடம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்து நடை தேவை. நாட்டு நாய்க்கும் இந்த அளவு பொருந்தும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனங்கள். இவற்றுக்கு நடை மட்டும் போதாது. வேலியிட்ட பாதுகாப்பான இடத்தில் ஓடவிடவும் வேண்டும். அத்தகைய இடமும், அதற்கு ஒதுக்க நேரமும், இழுத்தால் பிடிக்க வலுவுள்ள ஒருவரும் வீட்டில் இல்லையெனில் இவ்வினங்களை வாங்காமல் இருப்பதே நல்லது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு 20 முதல் 30 நிமிட மெதுவான நடை போதும்.

குட்டிகளின் எலும்பு முனைகள் முழுவதும் இறுகுவதற்குப் பெரிய இனங்களில் 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகும். அதுவரை நீண்ட ஓட்டம், இருசக்கர வாகனத்தின் பின்னே ஓடவிடுதல், உயரத்திலிருந்து குதிக்க வைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். (வாகனத்தில் வாரைக் கட்டி நாயை ஓட்டிச் செல்வதை எந்த வயது நாய்க்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன், சாலையில் விழுந்து எலும்பு முறிபவர் பெரும்பாலும் வண்டியை ஓட்டுபவரே.) வயதான நாய்க்கு ஒரே நீண்ட நடைக்கு மாற்றாக 10 நிமிட நடை மூன்று நான்கு முறை ஏற்றது.

வயிறு நிறைய உண்டவுடன் ஓடவிடக் கூடாது. மார்பு ஆழமான பெரிய நாய்களில் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடியது. நடந்து வந்து இளைப்பாறிய பின் உணவளிப்பதே சரியான வரிசை.

எடையைப் பொறுத்தவரை நடையைக் காட்டிலும் உணவின் பங்கே பெரிது. விலா எலும்புகளின் மேல் விரல்களை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். எலும்புகள் எளிதில் உணரப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். லாப்ரடார் வளர்ப்போருக்கு ஒரு செய்தி: அவ்வினத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தனர். அது கெஞ்சும்போதெல்லாம் பசிக்கிறது என்று பொருளல்ல. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த மற்றோர் ஆய்வில், உணவு கால் பங்கு குறைத்து அளிக்கப்பட்ட நாய்கள் ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. தேநீர் வேளையில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் பிஸ்கட்டுகளை ஒருவர் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

எந்த நேரம்? வெயிலும் தார்ச்சாலையும்

நெய்வேலியில் நாயின் உடற்பயிற்சியை முதன்மையாகத் தீர்மானிப்பது கடிகாரமே. கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்லும் நாட்கள் உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்துள்ள நாளில் அவ்வழியும் பெருமளவு அடைபடுகிறது. அதனால் நமக்குப் புழுக்கமாகத் தோன்றும் நாள் நாய்க்கு ஆபத்தான நாளாக இருக்கக்கூடும். பருத்த நாய், வயது முதிர்ந்த நாய், தட்டை மூக்கு நாய், அடர்ந்த முடியுள்ள நாய் ஆகியவை முதலில் பாதிக்கப்படும்.

மார்ச் முதல் ஜூன் வரை, குறிப்பாக மே மாதக் கத்திரி வெயிலில், காலை நடையை 5 மணிக்குத் தொடங்கி 6.30 மணிக்குள் முடித்துக்கொள்ளவும். மாலை நடையில் பலர் ஏமாறுவர். கதிரவன் மறைந்து காற்று தணிந்திருக்கும். ஆனால் பகல் முழுதும் வெயிலை உறிஞ்சிய தார்ச்சாலை சூடாகவே இருக்கும். காற்று 35 டிகிரியாக இருக்கும்போதே வெயில் படும் தாரின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டக்கூடும். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு வினாடி எண்ணுங்கள். உங்களால் தாங்க இயலாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சாலையோர மண்ணில் நடத்திச் செல்லுங்கள், அல்லது காத்திருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் நகரியத்தின் பழைய மரங்கள் பலவற்றைச் சாய்த்தது. அதனால் எல்லா வட்டங்களிலும் நிழல் ஒரே அளவில் இல்லை. நிழலுள்ள சாலையைத் தேர்ந்து வழியை அமைத்துக்கொள்வது நல்லது.

அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில் ஒழுகுதல், ஈறுகள் கடுஞ்சிவப்பாதல், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி; 41 டிகிரியைத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, குழாய் நீரை உடல் முழுதும், சிறப்பாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, விசிறவும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது. அது வெப்பத்தை உள்ளேயே தடுத்துவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டுமே குடிக்க நீர் கொடுக்கவும். முதலில் குளிர்வித்தல், பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் என்பதே வரிசை. அதே வெயிலில் உடன் நடந்தவருக்கும் தலைச்சுற்றல், குழப்பம், வாந்தி தோன்றினால் அவரையும் நிழலில் படுக்க வைத்துக் குளிர்வித்து, 108-ஐ அழைக்கவும்.

மார்கழிப் பனியில் சிக்கல் வேறு வகை. விடியற்காலை மூடுபனி தரையோடு தங்கும்போது புகையும் தூசியும் மேலெழாமல் அதனுடன் தங்கிவிடும். ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெயில் ஏறிய பின், ஏழரை மணி அளவில் புறப்படுவது நலம். நாய் அதற்குள் பழகிவிடும். மூச்சுக் குழல் விரிவடையச் செய்யும் இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அழைத்துச் செல்பவர் நோயாளராக இருந்தால்

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நாயுடன் நீண்ட தொலைவு நடக்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழப்பம் ஆகியவை தோன்றும். நடையின்போது அந்த வியர்வையை வெயிலால் வந்தது என்று எண்ணிவிடுவதே இங்குள்ள ஆபத்து. இரத்த அழுத்தத்திற்காக பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூள் அல்லது சர்க்கரையைச் சிறு பொட்டலமாக உடன் வைத்திருங்கள். அறிகுறி தோன்றினால் நின்று, உட்கார்ந்து, உண்டு, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைச் சோதித்த பின்பே நடையைத் தொடரலாம்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளர்கள் வாசல்வரைதான் என்றாலும் வெறுங்காலுடன் செல்ல வேண்டாம். எம்.சி.ஆர். செருப்பு அணிந்து செல்லவும். திரும்பியதும் நாயின் பாதத்தைப் பார்ப்பதுபோல் உங்கள் பாதத்தையும் பார்க்கவும்.

அடுத்தது வாரைப் பிடிக்கும் முறை. வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது பாதுகாப்பானதன்று. அணிலைக் கண்டு 30 கிலோ எடையுள்ள நாய் பாயும்போது, வாருடன் மனிதரும் சேர்ந்தே விழுகிறார். ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் இத்தகைய வீழ்ச்சி மணிக்கட்டு முறிவில் முடிவது அரிதன்று. வாரை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். தேவைப்பட்டால் விட்டுவிட இயல வேண்டும். ஐந்தாறு அடி நீளமுள்ள, நீளாத வார் போதும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பின் முன்புறம் வார் கோக்கும் மார்புப் பட்டை இழுவையை வெகுவாகக் குறைக்கும்.

பின்வரும் நிலைகளில் உள்ளவர்கள் இழுக்கும் நாயைத் தாமே பிடிக்கக் கூடாது:

• டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் கையில் பிஸ்டுலா அமைக்கப்பட்டவர்கள். மிக அமைதியான நாயாயினும் அந்தக் கையில் வாரைப் பிடிக்க வேண்டாம்.
• மார்பெலும்பைத் திறந்து இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதங்கள் நிறைவடையாதவர்கள்.
• மூட்டு மாற்று, கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவர் அனுமதி இன்னும் பெறாதவர்கள்.
• ஊன்றுகோலின் துணையுடன் நடப்பவர்கள்.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயமோ வலியோ இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

நடக்கும்போது மார்பு இறுக்கம், இடக்கை அல்லது தாடை வலி ஏற்பட்டால் நாய் இழுக்கிறதே என்று தொடர்ந்து நடக்க வேண்டாம். உடனே உட்கார்ந்து, 108-ஐ அழைக்கவும். கைபேசி இல்லாமல் நாயுடன் புறப்படுவதில்லை என்பதை வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் நாயுடன் நடக்கலாம். அதன் கழிவை அள்ளும் பணியை மற்றொருவர் ஏற்க வேண்டும். பொதுவாகவே கழிவை அள்ளி அப்புறப்படுத்துவது கட்டாயம். நாயின் கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகியவை குழந்தைகள் விளையாடும் மண்ணில் நாட்கணக்கில் உயிருடன் இருக்கும்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல். நோயாளரைக் கவனிக்கும் வீட்டில் முதலில் கைவிடப்படுவது நாயின் நடைதான். அதனை ஒருவர் தலையில் சுமத்தாமல், ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து நாட்காட்டியில் பெயர் குறித்துவிடுங்கள். ஆள் மாறலாம், நேரம் மாறாமல் இருந்தால் நாய் அமைதியாக இருக்கும். இரவுப் பணி முடித்து வருபவர் உறங்கச் செல்லுமுன் 20 நிமிடம் அழைத்துச் சென்று வரலாம். நாள் முழுதும் நோயாளர் அருகிலேயே இருப்பவருக்கு அந்த நடையே வெளிக்காற்றாகவும் அமையக்கூடும்.

தெரு நாய்களும் கடியும்

தெரு நாய்கள் நெருங்கினால் ஓடாதீர்கள். வாரை இறுக்கி இழுத்தால் உங்கள் நாயின் பதற்றம் கூடும். திசையை மாற்றி நிதானமாக விலகிச் செல்லவும். சண்டை மூண்டுவிட்டால் இடையில் கையை நுழைக்க வேண்டாம். நாயை அழைத்துச் செல்பவருக்குக் கடி விழுவது பெரும்பாலும் அப்போதுதான். கடித்தது தெரு நாயா, தம் நாயா என்று அவருக்கே தெரிவதில்லை.

கடியோ கீறலோ ஏற்பட்டால், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லவும். தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. தோலினுள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணைகள். இரத்தம் வந்த காயத்திற்கும், புண்ணின் மீது நாய் நக்கியதற்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. "எங்கள் நாய்தான், ஊசி போட்டிருக்கிறோம்" என்றாலும் வந்து காட்டுங்கள். முடிவை மருத்துவர் எடுக்கட்டும். ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் காப்பாற்றப்பட்டவர்கள் உலகளவிலேயே மிகச் சிலர்.

நாய்க்கு மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் காலத்தில் மறுதவணையும் ஆண்டுதோறும் ஊக்க ஊசியும் போட வேண்டும். தடுப்பூசி தொடங்காத குட்டியைத் தெருவில் நடத்த வேண்டாம்.

மழைக்காலத்தில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேங்கிய நீரில் நாயை இறங்கவோ குடிக்கவோ விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் உங்களுக்கும் வரலாம். இருட்டில் டார்ச் விளக்கு அவசியம். புதரோரம் முகரும் நாயே முதலில் பாம்பின் மீது மூக்கை வைக்கும். வெளியே செல்லவே இயலாத நாளில், உணவைத் தட்டில் வைக்காமல் வீட்டுக்குள் பல இடங்களில் ஒளித்து வைத்து முகர்ந்து தேடச் செய்யலாம். கால்மணி நேரத் தேடலில் நாய் நன்கு களைத்துவிடும். படுக்கையில் இருக்கும் நோயாளரும் இதில் பங்கேற்கலாம்.

நாய் நடக்க மறுத்தால்

வழக்கமாக வாரைக் கண்டதும் துள்ளும் நாய் இரண்டு நாட்கள் தொடர்ந்து எழ மறுத்தால் அதனைச் சோம்பல் என்று கொள்ள வேண்டாம். உண்ணிகளால் பரவும் காய்ச்சல் நம் பகுதி நாய்களில் பரவலாக உள்ளது. சோர்வு, உணவில் விருப்பமின்மை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் கசிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி உள்ளதா என்று பார்க்கவும். கண்டால் விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துச் சோப்பு நீரில் போடவும். நடந்து திரும்பியதும் இருமல், நடையின் நடுவே மயங்கிச் சரிதல், ஒரு காலை ஊன்றாமை ஆகியவையும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டியவை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகவும். கால்நடை அவசர உதவிக்கான தொலைபேசி எண் 1962. மனிதர்களுக்கான பாராசிட்டமால், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்க வேண்டாம். கல்லீரலும் சிறுநீரகமும் கெடும்.